நான் முதல் தலைமுறை வாசகி இல்லை

கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்தும்போது தவறாமல் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள்: 'முதல் தலைமுறை வாசகி.' சொல்பவர்கள் தோழர்கள்தான், பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். பீடி சுத்துகிறவளின் மகள் எம்.ஏ. தமிழ் படித்து எழுதவும் வந்துவிட்டாளே என்கிற சந்தோசம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு வரலாறும் உட்கார்ந்திருக்கிறது. வாசிப்பு என்பது அக்ரகாரத்தில் பிறந்து, மேலத்தெருவுக்கு வந்து, கடைசியாக எங்கள் காலனிக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கியது என்கிற வரலாறு. குடிதண்ணீர்க் குழாய் வந்த மாதிரி. இந்த வரலாறு பொய். பொய் என்று கத்திவிட்டுப் போனால் போதாது. எப்படிப் பொய் என்று சொல்ல வேண்டும்.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயர் வைத்தே ஒரு பத்திரிகை தொடங்கினார். முதலில் மாத இதழ், பிறகு வார இதழ். ஏழு வருசம் நடந்தது. 1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. நாலு பக்கம், விலை பெயரிலேயே இருக்கிறது. அடுத்த வருசம் 'தமிழன்' என்று பெயர் மாறி, 1914 மே மாதம் பண்டிதர் இறக்கும்வரை அவர் கையில் நடந்தது. பிறகு மகன் பட்டாபிராமன், அதற்குப் பிறகு கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார். கோலார் சுரங்கத்திலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த நம்மாட்கள் அதைக் காசு கொடுத்து வாங்கி வாசித்தார்கள். கேள்வி எழுதி அனுப்பினார்கள், பண்டிதர் பதில் போட்டார். இலக்கணம், பௌத்தம், வைத்தியம், காங்கிரசின் யோக்கியதை எல்லாம் அதில் வந்தன. யோசித்துப் பாருங்கள். எழுத ஒருத்தர் போதும். வாரா வாரம் ஒரு பத்திரிகை நடக்க வேண்டுமென்றால் வாசிக்கிறவர்கள் கூட்டமாக வேண்டும். அந்தக் கூட்டம் எந்தத் தலைமுறை?

அதற்கும் முன்னால் போகலாம். பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்கிற வெள்ளைக்காரத் துரையிடம் பட்லர் வேலை பார்த்தவர். தன் வீட்டில் இருந்த குறள், நாலடி நானூறு ஏடுகளைத் துரை மூலமாக எல்லிஸ் துரையிடம் சேர்த்தவர் அவர்தான் என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். எல்லிஸ் 1819இல் செத்துப்போனார். அப்படியென்றால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு பட்லர் வீட்டில் ஏடு இருந்திருக்கிறது. ஏடு சும்மா இருக்காது. செல்லரித்தால் படியெடுக்க வேண்டும். படியெடுக்கத் தெரிந்த கை அந்த வீட்டில் இருந்திருக்கிறது.

சரி, இத்தனை பேர் வாசித்திருந்தால் எனக்கு ஏன் தெரியவில்லை? எம்.ஏ. படித்த இரண்டு வருசமும் 'தமிழ் இதழியல் வரலாறு' என்று ஒரு தாள் இருந்தது. அதில் 'தமிழன்' பெயர் ஒரு வரியில்கூட வரவில்லை. பண்டிதரின் எழுத்துக்களை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது, 2003இல் மூன்றாவது. பாளையங்கோட்டை எங்கள் சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு மணி நேர பஸ். 1914க்கும் 1999க்கும் நடுவில் 85 வருசம். அந்தப் பழைய இதழ்களைக் காப்பாற்றி வைத்திருந்தது பெரிய நூலகங்கள் இல்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீட்டில் வைத்துக் காத்தார்கள். ஆக, அறுந்தது வாசிப்பு இல்லை. வாசித்ததைச் சேர்த்து வைக்கிற இடம்தான் நமக்கு இல்லாமல் போனது.

இனி என் கதைக்கு வருகிறேன். என் கதை என்று சொன்னாலும் அது எங்கள் தெருவின் கதைதான்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் மத்தியானம் ஐந்தாறு பொம்பளைகள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுத்துவார்கள். அம்மா, அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா. கை இலையிலும் தூளிலும் நூலிலும் இருக்கும். காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு வாசிக்கிற வேலை பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு. எனக்கு எட்டு வயசிலிருந்து அந்த வேலை. 'ராணி' வாரப்பத்திரிகை, கிழிந்துபோன ரமணிசந்திரன் நாவல், திருவிழாக் கடையில் வாங்கிய பெரிய எழுத்து நல்லதங்காள் கதை. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடம் வந்தால் ஆச்சி, "போதும்ட்டி, அதை விட்டுட்டு மேல வாசி" என்பாள். மறுநாள் அவளே அந்த இடத்தைத்தான் வாசிக்கச் சொல்வாள்.

இது எங்கள் திண்ணையில் மட்டும் நடந்தது என்று நினைத்திருந்தேன். கண்ணூர் பீடிக் கம்பெனிகளில் ஒருத்தர் பத்திரிகை வாசிக்க, அவருடைய பங்கு பீடியை மற்றவர்கள் சேர்த்துச் சுத்திக் கொடுத்திருக்கிறார்கள். கியூபாவில் ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலையில் 1865இலேயே இந்த வழக்கம் வந்துவிட்டது. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். என்ன புத்தகம் என்பதையும் அவர்களே முடிவு பண்ணினார்கள். அடுத்த வருசமே ஸ்பானிய அரசாங்கம் அதற்குத் தடை போட்டது. காதால் வாசிக்கிறவனைக் கண்டு ஒரு அரசாங்கம் பயந்திருக்கிறது. நம் ஊர்ப் புள்ளிவிவரமோ கையெழுத்துப் போடத் தெரியாத என் ஆச்சியை 'எழுத்தறிவற்றவர்' என்று ஒரு கட்டத்தில் அடைத்துவிட்டுப் போகும். நல்லதங்காளையும் அல்லி அரசாணியையும் முழுசாக மனசில் வைத்திருந்தவள் அவள்.

ஆச்சியின் ரசனை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சின்ன விஷயம். ஆடித்தபசுக்கு விற்கிற கோயில் தலபுராணப் புத்தகத்தில் அவளுக்குப் பிடித்தது ஒரே பக்கம். சங்கரரும் நாராயணரும் ஒரே உடம்பில் நிற்கிற பக்கம் இல்லை. கோமதி அம்மன் தவம் இருக்கிற பக்கமும் இல்லை. புன்னைவனத்துக் காவல்காரனான காப்பறையன் புற்றை வெட்டப்போய், பாம்பின் வால் அறுபட, உள்ளே லிங்கத்தைக் கண்டு உக்கிரபாண்டியனுக்குச் சொன்ன பக்கம். "நம்மாளு கண்டது" என்பாள். கண்டவனின் பேரப்பிள்ளைகள் உள்ளே போக 1939ஆம் வருசத்துச் சட்டமும் 1947ஆம் வருசத்துச் சட்டமும் தேவைப்பட்டன என்பது புத்தகத்தில் இல்லை. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பக் கேட்டாள். புத்தகத்துக்குள் நம்மாளைத் தேடுவது என்கிற பழக்கத்தை எனக்குக் கொடுத்தது எந்தக் கோட்பாட்டு நூலும் இல்லை.

தேட ஆரம்பித்தால் ரசனை மாறாமல் இருக்குமா? பத்து வயசில் எனக்கு ராணி காமிக்ஸ்தான் உயிர். முகமூடி போட்ட மாயாவி, மண்டை ஓட்டுக் குகை, குள்ள மனிதர்கள். 1936இல் லீ ஃபாக் என்கிற அமெரிக்கர் உருவாக்கிய பாத்திரம் அது. அதே 1936இல்தான் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையை அச்சிட்டார். பெரியாரின் 'குடிஅரசு' அதைத் தமிழில் கொண்டுவந்தது. எங்கள் தெருவுக்கு மாயாவி வந்து சேர்ந்தார். அம்பேத்கர் வரவில்லை, சிலையாகத்தான் வந்தார். மாயாவி கதையில் ஒரு வெள்ளைக்காரன் தலைமுறை தலைமுறையாகக் காட்டை ஆளுகிறான், கறுப்பு மனிதர்கள் அவனை வணங்கிப் பாதுகாக்கிறார்கள். கறுப்புப் பிள்ளைகளான நாங்கள் வெள்ளைக்காரனுக்குக் கை தட்டினோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதற்காக அந்தச் சந்தோசத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்ன?

பிறகு கல்கி. 'பொன்னியின் செல்வ'னை ஒரு கோடை லீவில் முடித்தேன். வந்தியத்தேவன் குதிரையோடு வீராணம் ஏரிக்கரையில் நானும் போனேன். அந்தப் போதை தெளியப் பல வருசம் ஆனது. தெளிய வைத்தது இன்னொரு நாவல் இல்லை, கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்குச் சொல்லும்போது 'பறைச்சேரி' என்றும் 'தீண்டாச்சேரி' என்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. கடவுள் வீட்டுச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. வந்தியத்தேவன் குதிரை அந்தத் தீண்டாச்சேரி வழியாக ஒருநாளும் போகவில்லை. பொற்காலம் என்று எழுதுகிறவர்களின் குதிரைக்கு எப்போதும் அந்தப் பாதை தெரியாது.

இதற்கு நடுவில் நூலகம் என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம், பொது இடம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படிப்பட்ட முதல் சட்டம் இதுதான். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். அரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்று 1931லேயே விதி எழுதியவர் அவர். நல்ல விதி. வீட்டுவரியோடு நூலகவரியும் சேர்த்து வசூலித்து நூலகம் நடத்துவது என்று சட்டம் சொன்னது. அதுவும் நல்ல ஏற்பாடு. ஆனால் வரி எல்லாரிடமும் வாங்கினாலும் கட்டடம் எந்தத் தெருவில் கட்டப்படும்? நான் போன ஒரு கிளை நூலகத்தில் முதல் நாள் என்னிடம் கேட்ட கேள்வி 'என்ன புத்தகம் வேணும்' இல்லை, 'எந்தத் தெரு?' தெருவைச் சொன்னேன். உட்கார்ந்து வாசிக்கலாம், வீட்டுக்குத் தர முடியாது என்றார்கள். எனக்குப் பின்னால் வந்த பையன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். நானும் விடவில்லை. இரண்டு வருசம் அங்கேயே உட்கார்ந்து வாசித்தேன். சாயங்காலம் திண்ணைக்கு வந்து வாசித்ததை வாயால் சொன்னேன். எடுத்துவர முடியாத புத்தகத்தை வேறு எப்படிக் கொண்டுவருவது?

அம்பேத்கரின் வாசிப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நியூயார்க்கிலும் லண்டனிலும் நூலகம் நூலகமாக இருந்தது, 1917இல் நாடு திரும்பும்போது தனிக் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் கடலோடு போனது, மும்பை தாதரில் புத்தகங்களுக்காகவே 'ராஜகிருகம்' என்று வீடு கட்டியது எல்லாம் தெரிந்த செய்திகள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு. அவரையும் 'முதல் தலைமுறை' என்றுதான் சொல்லுதாங்க. அவருடைய அப்பா ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளியில் ஆசிரியர். கபீர் பந்த வழியில் நின்றவர். கட்டிக்கொடுத்த மகள்களிடம் நகையை வாங்கி அடகு வைத்து மகனுக்குப் புத்தகம் வாங்கியவர். இது முதல் தலைமுறை வீடா?

இரண்டாவது, ரசனை மாறிய கதை. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு 1956 ஏப்ரலில் எழுதிய முன்னுரையில் அம்பேத்கரே சொல்லியிருக்கிறார். அப்பா அவரை ராமாயணமும் பாரதமும் வாசிக்கச் சொல்வாராம். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. பிராமணர்களையும் சத்திரியர்களையும் புகழ்கிற இதை நாம் ஏன் வாசிக்க வேண்டும் என்று அப்பாவிடமே கேட்டிருக்கிறார். கர்ணனும் துரோணரும் சிறிய நிலையிலிருந்து உயர்ந்தவர்கள், வால்மீகி கோலி சாதிக்காரர், அதை வாசித்தால் தாழ்வு மனப்பான்மை போகும் என்று அப்பா பதில் சொல்லியிருக்கிறார். மகனுக்கு அது ஏறவில்லை. 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வாழ்க்கை வரலாற்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்த ஒரு புத்தகத்தின் பாதை 1956 அக்டோபரில் நாக்பூரில் போய் முடிகிறது. கவனியுங்கள், அதே 1907இல்தான் இராயப்பேட்டையில் பண்டிதர் குறளைத் 'திரிக்குறள்' என்று பௌத்த நூலாக வாசித்துக் காட்டப் புறப்பட்டார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் கொடுத்த புத்தகத்தைக் கொடுத்த மாதிரியே வாசிக்க மாட்டோம் என்பதில் இரண்டு பேரும் ஒன்று.

கல்லூரிக்குப் போன பிறகு என் கைக்கு வந்தது சோவியத் புத்தகங்கள். 1991க்குப் பிறகு புதுசு வரவில்லை. தறிச் சங்கத்துத் தோழர் ஒருவர் வீட்டில் பழசு இருந்தது. நம் நெல்லைக்காரரான தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் 'தாய்' அங்கேதான் கிடைத்தது. நீலவ்னாவை என் அம்மாவாகவே நினைத்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு கேள்வி வந்தது: ரஷ்யாவில் இருக்கிற அம்மாவை எனக்குத் தெரிகிறது, பீடி சுத்துகிற அம்மா எந்தப் புத்தகத்தில் இருக்கிறாள்?

அப்புறம் 'கருக்கு'. மதுரை 'சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம்' 1992இல் போட்டது. நான் வாசிக்கும்போது பல வருசம் ஆகியிருந்தது. பாமாவின் ஊர் புதுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். எங்களுக்கு ராஜபாளையம் தாண்டினால் வந்துவிடும். அதைத் திண்ணையில் வாசித்தேன். ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற இடம். அத்தை கத்திரியைக் கீழே வைத்தாள். "இதையெல்லாமா புத்தகத்துல எழுதியிருக்காவ?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதலாமோ?" என்றாள். தமிழ் விமர்சகர்கள் 'கருக்கு' இலக்கியமா ஆவணமா என்று பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். அத்தையின் அந்த இரண்டாவது கேள்விக்குப் பக்கத்தில் அந்த விவாதம் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தலித் எழுத்து என்று வருகிற எல்லாவற்றையும் கும்பிட்டு வாங்கிக்கொள்கிற காலம் எனக்கு முடிந்துவிட்டது. அழுகையை மட்டும் அச்சடித்துக் கொடுக்கிற கதைகள் இப்போது அலுப்புத் தருகின்றன. அதை வாசித்துக் கண் கலங்கிவிட்டுப் போகிற சாதி இந்து வாசகருக்காக எழுதின மாதிரி இருக்கிறது. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' தன்னையே கிண்டல் பண்ணிக்கொண்டு போகும். 2024 நவம்பரில் அவர் இறந்த செய்தி கேட்டு அதைத்தான் மறுபடி எடுத்தேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பூமணி, தன்னைத் தலித் எழுத்தாளர் என்று சொல்வதை ஏற்காதவர். அந்த நிலைப்பாட்டோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் 'பிறகு' நாவலையும், 1895 கழுகுமலைக் கலவரத்தைச் சொல்லும் 'அஞ்ஞாடி'யையும் வாசிக்காமல் எங்கள் கரிசல் காட்டின் வரலாற்றைப் பேச முடியாது. சண்டை போட்டுக்கொண்டே வாசிப்பதும் வாசிப்புதான்.

இப்போது அதிகம் வாசிப்பது கல்வெட்டு, அரசாங்க அறிக்கை, சங்கப் பாட்டு. மாங்குடி என்று எங்கள் தாலுகாவில் ஒரு ஊர் இருக்கிறது. 2001-02இல் தொல்லியல் துறை அங்கே தோண்டி, தமிழி எழுத்துள்ள பானையோடு எடுத்தது. மாங்குடி கிழார் இந்த மாங்குடிக்காரர்தான் என்று எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொள்வார்கள். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நாலைத் தவிர வேறு குடி இல்லை என்று புறநானூற்றில் சொன்னவர் அவர். எங்கள் வகுப்பில் அந்தப் பாட்டு வந்தபோது 'பறையன் என்றால் பறை கொட்டுபவன்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். பானையில் எழுதத் தெரிந்த ஊர், எங்களைக் குடி என்று சொன்ன பாட்டு. இரண்டையும் சேர்த்து வைத்து யாராவது பாடம் நடத்தியிருந்தால் 'முதல் தலைமுறை' என்கிற சொல் என் மேல் ஒட்டியிருக்குமா?

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்க தெருப் பிள்ளைகளுக்குத் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் அனுப்பினார். அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வழக்குப் போட்டார்கள், கைது பண்ணினார்கள், கடைக்குச் சீல் வைத்தார்கள். எனக்கு 1855 ஞாபகம் வந்தது. அந்த வருசம்தான் சாவித்திரிபாய் பூலேயின் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்கிற மாங் சாதிச் சிறுமி எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வந்தது. மிட்டாய் கொடுக்க வந்த துரையிடம், அது வேண்டாம், நூலகம் கொடுங்கள் என்று அவள் கேட்டதாக ஒரு செய்தி சொல்வார்கள். நம் பிள்ளைகள் மிட்டாயும் கேட்பார்கள், நூலகமும் கேட்பார்கள். கடை மேசைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பதுதான் நூத்தெழுபது வருசமாக இருக்கிற பிரச்சினை.

போன வருசம் மூத்த தோழர் ஒருவர் காலமானார். தொண்ணூறுகளில் வந்த சிற்றிதழ்கள் அவர் வீட்டுப் பரணில் இரண்டு சாக்கு இருந்தன. 'நிறப்பிரிகை', 'தலித் முரசு', 'கோடாங்கி', ஒரே ஒரு இதழோடு நின்றுபோன பெயர் தெரியாத பத்திரிகைகள், கூட்டத்து நோட்டீசுகள். காரியம் முடிந்து வீட்டை ஒழுங்கு பண்ணும்போது பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டாரைக் குற்றம் சொல்ல முடியாது. மழைக்கு ஒழுகுகிற வீடு. விஷயம் தெரிந்து நான் கடைக்குப் போனபோது ஒரு சாக்கு ஏற்கெனவே சிவகாசிக்கு லோடு ஏறியிருந்தது. மற்றதைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து மீட்டு வந்தேன். இப்போது எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். காலனிப் பிள்ளைகள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து வருசவாரியாக அடுக்கிக் கொடுக்கிறார்கள். விடுபட்ட இதழ்களின் பட்டியலை இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் பரணில் இருந்தால் பாருங்கள். மூலப்பிரதி வேண்டாம், ஜெராக்ஸ் போதும். தபால் செலவை நான் தந்துவிடுகிறேன்.